ஆரம்ப இருப்பு இல்லாத பேரேடு

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணோடு அனுப்பும் சாமான்களுக்குப் பட்டியல் உண்டு. வெள்ளிக் குத்துவிளக்கின் எடை, பித்தளை அண்டாவின் எண்ணிக்கை என்று தொடங்கி ஊசி, நூல்கண்டு, விளக்குமாறு வரைக்கும் ஒன்று விடாமல் ஏறும். ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கிட்டங்கி போட்டு உட்கார்ந்து, காலணா பிசகாமல் ஐந்தொகை எடுத்தவர்களின் ஊர் இது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, பேரேட்டைத் திறந்ததும் ஆரம்ப இருப்பை எழுது என்பதுதான்.

இத்தனை கணக்கு எழுதிய ஊரில் ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் இன்னும் ஏடு திறக்கவில்லை. காரைக்குடி வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்காவது போய், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிணற்றுத் தண்ணீரில் என்னென்ன, எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு" என்பார்கள். அந்தச் சாட்சியம் எந்த மன்றத்திலும் செல்லாது. மில்லிகிராம் வேண்டும், தேதி வேண்டும், முத்திரை வேண்டும். அவை இல்லாதவரைக்கும் உங்கள் கிணறு நேற்றும் இப்படித்தான் இருந்தது, நாளையும் இப்படித்தான் இருக்கும்.

இதை மறதி என்று நினைத்து மன்னித்துவிடாதீர்கள். அபாயகரமான ஆலைகளைச் சுற்றி இந்த நாட்டில் நடக்கும் பொதுச் சுகாதார இடர் மதிப்பீட்டின் அஸ்திவாரமே இதுதான். ஆலை வருமுன் ஊராரின் ரத்தத்தையோ மூச்சையோ பிள்ளைகளின் எடையையோ அளந்து வைக்கக் கூடாது. ஆலை இருபது வருஷம் ஓடட்டும். ஜனங்கள் இருமிக்கொண்டு வந்து நின்றால், முன்பு இருமியதில்லை என்பதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். ஆதாரம் இல்லையா? அப்படியானால் இருமலும் இல்லை. இவ்வளவு சிக்கனமான வைத்தியம் சித்தர்களுக்குக்கூடக் கைவந்ததில்லை.

பாடம் படிக்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். வைகைக்குத் தண்ணீர் அனுப்பும் மலை ஒன்றின் உச்சியில் இருக்கிறது, கொடைக்கானல்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த வெப்பமானி ஆலை ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு 1983-இல் கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் கொண்டுவந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் கப்பலில் வரும், அதைக் கண்ணாடிக் குழாயில் அடைப்பது நம் ஆட்கள், அடைத்த வெப்பமானி மறுபடி கப்பலேறும். காய்ச்சல் அவர்களுக்கு, அதை அளக்கும் கருவியின் கசிவு நமக்கு. பாதரசம் அடுப்பில் ஏற்ற வேண்டிய சாமான்கூட இல்லை. சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. மூச்சோடு உள்ளே போய் மூளையையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கை நடுங்கும், பல் ஆடும், நினைவு தப்பும்.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் கொடைக்கானல்காரர்கள் சில சாக்கு மூட்டைகளைக் கண்டார்கள். உள்ளே உடைந்த வெப்பமானிக் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே வெள்ளி முத்தாகப் பாதரசம். சாக்கு கிழிந்து, திறந்தவெளியில் கிடந்தது. உலகத் தரம் என்று விளம்பரத்தில் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ஒரு கம்பெனியின் நச்சுக் கழிவு, எடைக்குப் போடும் பழைய பேப்பரோடு பேப்பராகச் சேர்ந்திருந்தது. அந்த மாதமே ஆலை நின்றது. போராடி, கத்தி, வழக்காடி, 290 டன் கழிவை 2003-இல் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வைத்தார்கள். வந்த வழியே திரும்பிப் போன விஷம் இந்திய வரலாற்றில் அபூர்வம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் மண் இங்கேயே இருந்தது. உடம்புகளும் இங்கேயே இருந்தன. மதிப்பீட்டாளர்களின் திருவிழா அப்போதுதான் தொடங்கியது.

முதலில் உடம்பு. ரத்தத்தில் ஏறிய பாதரசத்தில் ஏறக்குறைய பாதி, இரண்டு மாதங்களுக்குள் வெளியேறிவிடும். அது விட்டுப்போகும் சேதம்தான் வெளியேறாது. ஆகவே ஒரு தொழிலாளியைச் சோதிக்க மிகச் சிறந்த காலம், ஆலை மூடிச் சில வருஷங்கள் கழித்துத்தான். அதாவது, எதுவும் தெரியக் கூடாது என்றால். சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் வழக்குப் போட, 2007-இல் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்தது. அவர்களுடைய நோய்களைப் பாதரசத்தோடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. திருடன் ஓடி ஆறு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து, இங்கே திருடன் யாரையும் காணோமே என்று எழுதிக்கொண்டு போனதுபோல் இருந்தது. பிறகு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழு 2011-இல் நேர் எதிராகச் சொன்னது: தொழிலாளர்கள் மட்டும் இல்லை, அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே உடம்பு, ஒரே சர்க்கார், இரண்டு முடிவு. எது கம்பெனிக்கு இனித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் ஒரு ராப் பாட்டில் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினான்கு வருஷ மருத்துவக் கோப்புகள் நகர்த்தாததை எட்டு மாதத்தில் எது நகர்த்தியது என்று யோசித்துப் பார்க்கலாம். தற்செயல் என்று சொல்வோரும் உண்டு, அவர்களுக்குப் பெரும்பாலும் விளம்பரத் துறையில் வேலை. பாதிப்பு இருந்தது என்று கம்பெனி அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதாபிமான அடிப்படையாம். செத்தவன் வீட்டுக்கு மாலையோடு வந்து, இவர் சாகவில்லை, இருந்தாலும் வாங்கிய மாலை வீணாகக் கூடாது என்று போட்டுவிட்டுப் போவதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்தது மண். ஆலை வளாகம் பாம்பார் சோலையை ஒட்டி இருக்கிறது. அந்தச் சோலைத் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து வைகைக்குப் போகிறது. வைகை நம் சிவகங்கை மாவட்டத்துக்குள் திருப்புவனம், மானாமதுரை வழியாக வருகிறது. ஆகவே ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற கேள்வி கொடைக்கானல்காரர்களோடு முடிகிற கேள்வி ஆகாது. முதலில் பேசப்பட்டது நெதர்லாந்துக்காரர்களின் 10 மில்லிகிராம். பிறகு நாக்பூரின் நீரி நிறுவனம் இடர் மதிப்பீடு செய்தது. முடிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில் நின்ற எண் 20. மதிப்பீடு செய்யச் செய்ய அபாயம் குறைவதைப் பார்த்தீர்களா? மண்ணில் ஒரு பொட்டுப் பாதரசமும் நகரவில்லை, எண் நகர்ந்தது. மண்வெட்டி எடுத்து அள்ளுவதைவிடப் பேனா எடுத்து எல்லையை நகர்த்துவது மலிவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்வார். ஆலை மூடிப் பத்து வருஷம் கடந்தும் அந்த மண் அங்கேயேதான் கிடந்தது. சோலையில் மழை மட்டும் யாருடைய அறிக்கைக்கும் காத்திராமல் பெய்தது.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு உட்கார்ந்தால் ஒரு விசித்திர மனிதனைச் சந்திப்பீர்கள். இடர் மதிப்பீட்டுப் பாடநூல்களில் காலங்காலமாக வாழும் அமெரிக்க ஆள். எடை 70 கிலோ. ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பார். 70 வயது வரை இருப்பார். அவரை நிற்க வைத்துத்தான் எத்தனை விஷம் தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள்.

அவரை எனக்குப் பிடிக்கும். நல்ல மனிதர். ஆனால் எங்கள் பக்கத்தில் அவரைப் பார்த்ததில்லை. கண்டனூர்ப் பக்கம் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க் கரையில் மண் சுமக்கும் ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். 45 கிலோ தேறினால் அதிகம். அக்கினி நட்சத்திரத்தில் தூக்குவாளியில் கொண்டுபோகும் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும்; சாயங்காலத்துக்குள் 5 லிட்டர் உள்ளே போயிருக்கும். அதே தண்ணீரில் வெந்த சோறு, அதே தண்ணீர் ஊற்றிய நீராகாரம், அதே தண்ணீரில் கரைத்த மோர் எல்லாம் தனி. வெறும் குடிதண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அந்த அமெரிக்கருக்கு ஒரு கிலோ உடம்புக்குப் போவதைப்போல் இவளுக்கு ஏறக்குறைய நாலு மடங்கு போகிறது. 10 கிலோ எடைப் பிள்ளை ஒரு லிட்டர் குடித்தால் அதுவும் மூன்றரை மடங்கு. அறிக்கையில் 'பாதுகாப்பான அளவு' என்று இருப்பது யாருக்குப் பாதுகாப்பு என்று இப்போது புரியும். 70 கிலோக்காரர் இங்கே குடிவந்தால் அவருக்கு ஒரு குறையும் வராது.

'ஏற்கத்தக்க இடர்' என்று இன்னொரு செல்லப்பிள்ளை உண்டு. பத்து லட்சம் பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்தால் பரவாயில்லை என்பது நல்ல மனசுக்காரர்களின் கோடு. பத்தாயிரத்தில் ஒருவர் வரைக்கும் போகலாம் என்பது தாராள மனசுக்காரர்களின் கோடு. 2011 கணக்குப்படி சிவகங்கை மாவட்டத்தில் ஏறக்குறைய 13 லட்சத்து 39 ஆயிரம் பேர். தாராளக் கோட்டின்படி 134 பேர். ஏற்கத்தக்கவர்கள். ஏற்றுக்கொண்டது யார் என்று அறிக்கையில் தேடினேன். கையெழுத்து ஆலோசனை நிறுவனத்துடையது. அந்த 134 பேரின் கையெழுத்துக்கு இடம் விட மறந்திருக்கிறார்கள். ஏற்கிறவர் ஒருவர், சாகிறவர் இன்னொருவர் என்று இருந்தால் எந்த இடரும் ஏற்கத்தக்கதுதான். ஆலை முதலாளியின் பேரப்பிள்ளை அதே ஆழ்குழாயில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கும் என்று ஒரு விதி எழுதிப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறங்கும்.

அறிக்கையை எழுதுவது யார் என்று கேட்டால் இன்னும் சுவாரசியம். 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஆலை கட்டப்போகிறவரே ஆலோசகரைப் பிடிக்கிறார், அவரே கூலி கொடுக்கிறார், அவரே அறிக்கையைத் தாக்கல் செய்கிறார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்குச் சம்பளமும் உண்டு. கடன் வாங்கியவன் கையிலேயே பேரேட்டைக் கொடுத்து, "தம்பி, நீ தர வேண்டியதை நீயே எழுதிக்கொள்" என்று சொன்ன செட்டியார் ஒருவரை எங்கள் பக்கம் காட்டினால் நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காக இப்படி எழுதப்பட்ட அறிக்கையைப் பிரித்தபோது, அந்த வட்டாரத்துப் பறவைகள் ஸ்புரூஸ், பிர்ச் மரக் காடுகளில் வாழ்கின்றன என்று இருந்தது. கொங்கணத்தில் பனிக்காடு! ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அப்படியே பெயர்த்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவருக்கு வெட்கம் இல்லை என்பது சின்ன விஷயம். யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவருக்கு இருந்த நம்பிக்கைதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். கல்யாண மண்டபம் அல்லது பந்தல். முன்வரிசை நாற்காலிகளில் காலை ஏழு மணிக்கே யாரோ துண்டு போட்டிருப்பார்கள். வேனில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு பொட்டலம். மேடையில் அதிகாரிகள், பின்னால் திரை, திரையில் ஆங்கிலம். 'துகள்மப் பொருள்', 'நிலத்தடி நீரியல்' என்று ஒருவர் தமிழ்ச் சுருக்கம் வாசிப்பார். தமிழா என்று தமிழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து ஆச்சி ஒருத்தி மைக்கைப் பிடித்தாள் என்று வையுங்கள். "ஏந் தம்பி, இது வந்தா எங்க ஊருணித் தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? ஒத்தச் சொல்லுல சொல்லுங்க" என்பாள். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டதும்மா" என்று பதில் வரும். விதிப்படி அந்த மேடைக்குப் பதிவு செய்வதுதான் வேலை, முடிவு சொல்வது வேலை இல்லை. கேட்பதற்கென்றே கூடியவர்கள் கேட்கிறார்கள். அதைத் தாண்டி எதிர்பார்ப்பது ஆச்சியின் பேராசை.

எங்கள் கிராமங்களில் குடிதண்ணீர் ஊருணி என்று தனியாக இருந்தது. அதில் குளிக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, கால் நனைத்தாலே காவல்காரர் கத்துவார். மழைத் தண்ணீர் வரும் வாரியைப் போட்டி போட்டுக்கொண்டு துப்புரவாக வைத்தார்கள். அந்தக் காவல்காரரிடம் இடர் மதிப்பீட்டில் பட்டம் கிடையாது. அவர் ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தால் ஊரே கழிந்து செத்திருக்கும். அழுக்குக் காலோடு வருகிறவன்தான் தன் கால் சுத்தம் என்று காட்ட வேண்டும் என்பது அவருடைய சட்டம். இன்றைய சட்டத்தில் தண்ணீர் குடிக்கிறவன்தான் எல்லாவற்றையும் காட்ட வேண்டும்.

சரி, காட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? கடலூர் சிப்காட் கிராமத்து மக்கள் இதைச் செய்தார்கள். ஆலைகள் இரவில் புகை விடும்போது எந்த நேரம், என்ன நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதினார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் எது, இனிப்பு வாடை என்றால் எது என்று கற்றார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் அதில் இருப்பதை 2004-இல் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டு நீரி செய்த ஆய்வு, சிப்காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000 மடங்காவது கூடுதல் என்று சொன்னது. 2000 மடங்கு! ஒரு மடங்கு கூடினால் ஊரைக் காலி செய்ய வேண்டிய எண். என்ன நடந்தது? காலியானது ஆலைகளும் இல்லை, கிராமங்களும் இல்லை. அறிக்கை அலமாரிக்குப் போனது. ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை 1990-களின் நடுவில் மூடிப்போய், ஆறிணைதிறன் குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடியது. அங்கே ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு இரண்டும் கண்ணுக்கே தெரிகிறது. இருந்தும் வசூல் இல்லை.

தூத்துக்குடி கதை இன்னும் கொடியது. ஸ்டெர்லைட் ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் 80,725 பேரைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து 2008-இல் அறிக்கை கொடுத்தது. மூச்சுக் கோளாறு கூடுதல் என்று அரசு மருத்துவக் கல்லூரியே எழுதியது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் ஆலை ஓடியது. 2018 மே 22 அன்று மனுவோடு கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தவர்களைச் சுட்டார்கள். 13 உயிர். ஆறு நாளில் ஆலையை மூட உத்தரவு வந்தது. ஆக, 80,725 பேரின் மூச்சு செய்யாததை 13 பிணம் செய்தது. தமிழ்நாட்டில் இதுவரை உடனடி விளைவு தந்த ஒரே இடர் மதிப்பீட்டு முறை இதுதான் என்று எழுதக் கை கூசுகிறது. கூசினாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். மானாமதுரை சிப்காட்டில் வரவிருக்கும் மருத்துவக் கழிவு ஆலையை அந்த ஊர் ஜனங்கள் எதிர்க்கிறார்கள். 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்ற பட்டம் அவர்களுக்குத் தயாராக இருக்கும். அதற்கு மட்டும் முன்கூட்டியே ஆய்வு முடிந்துவிடுகிறது. கருவி இல்லை, ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948-இல் நேரு கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. தண்ணீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு நுணுக்கத்தை அளக்கத் தெரிந்த படிப்பு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில். ஜப்பானின் மினமாட்டாவில் 1959-இலேயே கம்பெனி டாக்டர் ஹோசோகாவா ஆலைக் கழிவைச் சோற்றில் கலந்து பூனைக்குக் கொடுத்து, அது துடிப்பதைப் பார்த்து, ஊரைப் பிடித்த பாதரச நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி வாயை மூடச் சொன்னது. அரசாங்கம் ஒப்புக்கொண்டது 1968-இல். அங்கேயும் அறிவுக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

நமக்கு வேண்டிய ஏடு இவ்வளவுதான்: ஆலை வருமுன் பத்து ஊருணி, இருபது ஆழ்குழாய், நூறு பேரின் ரத்தம், அங்கன்வாடிப் பிள்ளைகளின் எடை. வருஷா வருஷம் அதே இடங்களில் மறுபடியும். எழுதுகிறவருக்குக் கம்பெனி சம்பளம் கூடாது. எழுதியதைத் தமிழில் ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும், 70 கிலோ ஆளுக்குப் பதிலாக 45 கிலோ பெண்ணை வைத்து. இதைக் கேட்டுப் போனால் நிதி ஒதுக்கீடு இல்லை என்பார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் செலவுச் சிட்டையை மட்டும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பந்தல், நாற்காலி, மைக் செட், ஜெனரேட்டர் டீசல், வேன் வாடகை, தண்ணீர் பாட்டில், போண்டா, டீ. ஒன்று விடாமல் இருக்கும். தண்ணீர் பாட்டில் வெளியூர் கம்பெனியுடையது.